கிளினிக் வாரம்

கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுவதில் பரஞ்சோதிக்கு இணையாக ஆளில்லை. எவ்வளவு உயரத்துக் குலையும் அவருடைய அரிவாளுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு சின்ன ஊசிக்குப் பயந்தார். இன்சுலின் ஊசி. அவருடைய அண்ணனுக்கு ஊசி போடத் தொடங்கிய வருடமே காலை வெட்டி எடுத்தார்கள், அடுத்த வருடம் ஆளும் போய்விட்டார். நோய் முற்றிய பிறகு ஊசிக்குப் போனதால்தான் அந்தக் கதி என்று தோட்டத்து லயத்து வீடுகளில் யார் எடுத்துச் சொல்வது? "ஊசி போட்டா அடுத்தது காலுதான்" என்பது அங்கே வேதவாக்கு.

அவருக்கும் இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். தினமும் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், இனிப்புப் பால் தூக்கலாகத் தே தாரிக் தேநீர். ஆனால் கிளினிக் போகும் வாரம் வந்துவிட்டால் வீடே விரதக் கோலம் பூணும். மனைவி நவமணி பாகற்காயைப் பிழிந்து கொடுப்பாள். சோறு கிடையாது, தே கிடையாது, மாத்திரை வேளை தவறாது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவன்கூட அவ்வளவு கட்டுப்பாடாக இருக்க மாட்டான். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அளவு அழகாக நிற்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும் பெரிய இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார். அவர் மட்டுமா? பக்கத்து வீட்டுப் பிச்சையும் மற்றவர்களும் இப்படித்தான் 'பாஸ்' வாங்கினார்கள். டாக்டரை ஏமாற்றிவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு.

போன வருடம் கிளினிக்கில் ஏற்பாடு மாறியது. கூட்டம் தாங்கவில்லை, டாக்டர்கள் போதவில்லை. இனிக் கைப்பேசியில்தான் தேதி எடுக்க வேண்டும். அளவு கட்டுக்குள் இருப்பவர்கள் அரை வருடத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்தால் போதும், இடையில் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், உள்ளதை உள்ளபடி காட்டுகிறவர்களுக்கு.

"அங்கிள், உங்க ரீடிங் நல்லா இருக்கு. இனிமே அடிக்கடி வர வேணாம்லா," என்றாள் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி ஷாமளா.

பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் போல அவர் வீடு திரும்பினார். முன்பெல்லாம் போகும்போது ஷாமளா செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பாள். அதுவும் இப்போது நின்றது.

மழைக்காலத்தில் பூட்ஸ் கடித்துக் குதிகாலில் கொப்புளம் கிளம்பியது. வலிக்கவில்லை. வலிக்காததுதான் ஆபத்து என்று அவருக்குத் தெரியாது. கொப்புளம் புண்ணாகி நீர் வடிந்தது.

"கிளினிக்குக்குப் போயிட்டு வந்துருவோம்ங்க," என்றாள் நவமணி.

"இப்ப போனா அளவு எகிறி நிக்கும். ஊசியப் போட்டுருவாங்க. தேதி வரட்டும். ஒரு வாரம் வாயக் கட்டிட்டுப் போறேன்."

"புண்ணு அதுவரைக்கும் சும்மா இருக்குமா?"

அவர் மஞ்சளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போனார். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? பாக்கார் ஆராங் ஊரிலிருந்து பார்க்க வந்த மகள் ரூபினி, வாசலிலேயே புண்ணின் நாற்றம் அடித்ததும் அலறி, அவரைக் காரில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"ரெக்கார்டுல எல்லா ரீடிங்கும் நல்லா இருக்கே அங்கிள், எப்படி இப்படி ஆச்சு?" என்று வார்டு டாக்டர் கேட்டபோது, பரஞ்சோதி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று வயிற்றில் இன்சுலின் போட்டார்கள். எறும்பு கடித்த அளவுகூட இல்லை. இதற்கா பயந்தோம் என்று குலுங்கி அழுதார். நவமணியும் அழுதாள். பாகற்காய் பிழிந்தது அவள் கைதானே.

சில நாள் கழித்துப் பிச்சை பார்க்க வந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"என்னடா, காஞ்சு போயிருக்க?"

"வியாழக்கெழம எனக்குக் கிளினிக்குண்ணே," பிச்சை குரலைத் தாழ்த்தினார். "சோத்தத் தொடல. பாகக்கா தண்ணிதான். இந்தத் தடவ பாஸாயிட்டா எனக்கும் அரை வருசம் தொல்லையில்ல."

பரஞ்சோதி தன் சாப்பாட்டுத் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல தின்னு. தின்னுட்டு, வியாழக்கெழம போயி உள்ளதச் சொல்லு. ஊசின்னு சொன்னா போட்டுக்க."

"ஐயோ, ஊசி போட்டா காலு போயிரும்ணே!"

"நான் ஊசி போடாமத்தான்டா இருந்தேன்," என்று பரஞ்சோதி போர்வையை விலக்கினார்.