மாஸ்க்குக்குத் தாடி ஆகாது

இன்று அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்காரருக்கு மாஸ்க் வாங்கினோம். லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் வேலை. இத்தனை நாளும் மூக்கில் கைக்குட்டைதான். இவர் இருமினால் என் வயிற்றில் இருக்கிறதும் உதைக்கிறது.

"தூசிக்குப் போடுற மாஸ்க் பத்தாது. பெயிண்ட் வாடைக்குக் கரி பில்டர் போட்டது எடுங்க" என்றார் கடைக்கார பாய். மாட்டிவிட்டு, "பில்டரை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு மூச்சை இழுங்க. மூஞ்சியோட ஒட்டணும்" என்றார்.

ஒட்டவில்லை.

"தாடி வழியாக் காத்து வருது. எடுத்தாத்தான் சரிவரும்."

இவர் என்னைப் பார்த்தார். "புள்ள பெறக்குற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்குல்ல?"

"அந்தப் புள்ளைக்காகத்தான் சொல்றேன். போய் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

எதிர் சலூனிலிருந்து கல்யாணத்தன்று பார்த்த அதே முகத்தோடு வந்தார். மாட்டி, பொத்தி, இழுத்ததும் மாஸ்க் ஒட்டிக்கொண்டது. எனக்குத்தான் மூச்சு வந்தது.

இப்போது பஸ் எங்கள் ஊர் மல்லாங்கிணற்றை நெருங்குகிறது. மாஸ்க்கைக் கழற்றாமலே வீட்டுக்குள் போய்விடலாம் என்கிறார். என் மாமியாரைச் சமாளிக்க இதைவிட நல்ல யோசனை இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.