தெய்வாத்தாள் அக்காவின் முதல் பாய்லர்

செய்தி வந்தபோது நான் மலையாளத்துச் சித்தூரில் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தேன். சட்டைப் பையில் போன் விடாமல் அடித்தது. எடுத்துக் கேட்ட நர்ஸ் பெண், "சாரே, ஒரு செந்திலாணு. அம்ம மரிச்சு போயீன்னு" என்றாள். செந்தில் தெய்வாத்தாள் அக்காவின் மகன்; அக்கா இறந்துவிட்டார். என் வாய் பாதி மரத்திருந்தது. டாக்டரின் கையை விலக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பத்தாம் நாள் வாசகசாலையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். தலைவர் பேசும்போது, "அம்மணியோட முயற்சி பெருசுங்க. மொதல் பாய்லர் அவங்களுக்குக் கைகூடலை. நம்ம வாத்தியார் கை பட்டதுக்கப்புறந்தான் ரெண்டாவது நின்னுது" என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள். அடுத்து மைக் என் கைக்கு வந்தது. அக்கா நல்லவர், உழைப்பாளி என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இருபத்தெட்டு வருடம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வகுப்பு எடுத்தவனுக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. தலைவர் சொன்னது தவறு. முதல் பாய்லரை அக்கா நன்றாகத்தான் செய்திருந்தார். அதைக் கெடுத்தவன் நான். வாசகசாலை மலருக்கு அஞ்சலி கேட்டபோது, இதை எழுதத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அக்காவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். என் தப்பைச் சொல்லுகிற சாக்கில் அவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் அது இன்னொரு தப்பு.

அறுபது வயதில் அவருக்கு முட்டி ஆபரேஷன் நடந்தது. தோப்பையும் வயலையும் மகன் செந்தில் பார்த்துக்கொண்டான். மூன்று மாதம் கட்டிலில் கிடந்தவர் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். ஏதோ ஒரு குளிர்தேசத்தில் ஒரு கிழவர் தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, கைக்கடக்கமான நீராவி எஞ்சின் ஒன்றைச் சிறுகச் சிறுகச் செய்கிற வீடியோ. அந்த ஆள் பேசுவது அக்காவுக்கு ஒரு சொல்லும் புரியாது. "பேச்சு எதுக்குங்க? கையைப் பாத்தாப் போதாதா?" என்பார். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் மாடுகளை விற்றார். மாட்டுச் சாளைக்குச் சிமெண்டுத் தரை போட்டார். கோயமுத்தூரிலிருந்து இரும்பு கடைகிற ஒரு பழைய சின்ன லேத்தை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

லேத்தைப் பார்க்கச் சொல்லி ஆள் விட்டார். நான் போனேன். வாத்தியார் தோரணையில், முதல் ஆறு மாதம் ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்கிப் பழக வேண்டும், பிறகுதான் லேத்தைத் தொட வேண்டும் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங் வாத்தியாரே, உங்க பசங்களுக்குப் பதினெட்டு வயசு. எனக்கு அறுவது. நான் சக்கரத்துலயே ஆரம்பிச்சுப்போடறனுங்க. கெட்டா இன்னொண்ணு பண்ணிக்கலாம்."

அப்படியேதான் செய்தார். எஞ்சினின் பெரிய சக்கரத்துக்கு ஒரு வார்ப்பிரும்பு வட்டை வாங்கி, கடைந்து, கெடுத்தார். இரண்டாவதையும் கெடுத்தார். மூன்றாவது சக்கரத்தை அச்சில் மாட்டிச் சுற்றிவிட்டு, விளிம்பருகே ஒரு தீக்குச்சியைப் பிடித்தார். சுற்று முழுக்கக் குச்சிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரே அளவு வெளிச்சம். என் மாணவர்களில் அப்படிக் கடைந்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆனாலும் அன்று நான், "பரவாயில்லை" என்றுதான் சொன்னேன். பாராட்டுவதில் நான் எப்போதும் கஞ்சன்.

ஏன் ஆவி எஞ்சின் என்று பலர் அவரைக் கேட்டிருக்கிறீர்கள். "சும்மா பொழுது போகோணுமல்லங்க" என்று சொல்லித் தள்ளிவிடுவார். உண்மைக் காரணம் அவருடைய அண்ணன் ராமசாமி. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு இளவயதிலேயே மலையேறி, மூணாறுப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் எஞ்சின் டிரைவராக வேலை பார்த்தவர். அக்கா சிறுமியாக இருந்தபோது ஒருமுறை அங்கே போயிருக்கிறார். அண்ணன் ஒரு பிடியைத் திருப்பினார், ஃபாக்டரி முழுவதும் அசைந்து ஓட ஆரம்பித்தது. அதை அவர் மறக்கவில்லை. அந்த ஆவி எஞ்சின் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஓய்வுக்குப் பிறகு அண்ணன் மறையூரில் மகன் வீட்டில் இருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். அவர் கண் முன்னால் ஆவியில் ஓடும் எஞ்சின் ஒன்றை வைக்க வேண்டும் என்பதுதான் அக்காவின் கணக்கு.

எஞ்சின் முடிய நாலரை வருடம் ஆயிற்று. அடுத்தது பாய்லர், தண்ணீரைக் காய்ச்சி எஞ்சினுக்கு ஆவி தருகிற பாத்திரம். ஒரு முழ நீளத்துக்குச் செம்புக் குழாய், இரண்டு பக்கமும் செம்பு மூடி, உள்ளே நெருப்புப் போகச் சின்னக் குழாய்கள். எல்லா மூட்டுகளையும் வெள்ளி கலந்த கம்பியை உருக்கிப் பற்ற வைக்க வேண்டும். செம்பு செக்கச் சிவக்கக் காய்ந்தால்தான் அந்தக் கம்பி உருகி ஓடும். பதினொரு மாதம் பாடுபட்டார். முன்கையில் இரண்டு தீக்காயங்கள் கடைசிவரை இருந்தன.

பாய்லர் செய்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. நெருப்பு வைக்கும் முன்னால் பாய்லரில் தண்ணீரை முழுக்க நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஓடும்போது வருகிற அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. இருபது நிமிடம் அழுத்தமானியின் முள் அசையக் கூடாது. மூட்டு விட்டால் தண்ணீர் சும்மா ஒழுகும், அவ்வளவுதான். ஆவியில் விட்டால் ஆளைக் கொல்லும். "தண்ணி மன்னிச்சுப்போடுங்க. ஆவி மன்னிக்காது" என்பார் அக்கா.

முதல் சோதனையில் ஒரு மூட்டின் ஓரத்தில் கடுகளவு நீர் அரும்பியது. அக்கா கலங்கவில்லை. ஆசிட்டில் கழுவி, மறுபடியும் சூடேற்றி, இன்னும் கொஞ்சம் வெள்ளிக் கம்பி ஓட்டினால் அடைந்துவிடும். ஒரு நாள் வேலை. மறுநாள் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம் இருந்தது. வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சாளைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரந்தான் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார். அடுத்த வாரம் மறையூர் போவதென்று ஏற்பாடு.

நாள் குறைவாக இருக்கிறதே, நாம் அடைத்து வைத்தால் அக்கா வந்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என் கை சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மை. வீட்டிலிருந்து சோல்டரிங் இரும்பை எடுத்து வந்து, கசிந்த இடத்தில் ஈயத்தை ஒழுகவிட்டேன். ரேடியேட்டர் ஓட்டையை அப்படித்தான் அடைப்போம். பத்து நிமிட வேலை. தண்ணீர் ஏற்றிப் பார்த்தேன். முள் நின்றது. சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்த அக்கா பாய்லரைக் கையில் எடுத்ததுமே பார்த்துவிட்டார். வெள்ளிக் கம்பி ஓடிய இடம் மஞ்சள் கலந்து மின்னும். ஈயம் சாம்பல் நிறம். அதன் மேல் நகத்தால் ஒரு கீறு கீறினார். கோடு விழுந்தது.

"ஈயமுங்களா?"

"ஆமாங்க்கா. டெஸ்ட்ல நிக்குதுங்க."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய்லரின் சூட்டை ஈயம் தாங்காது; ஈயம் பட்ட மூட்டில் அதன்பின் வெள்ளியும் ஒட்டாது. சூடேற்றினால் ஈயம் செம்பையே அரிக்கும். இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வருடா வருடம்.

"எங்கெங்க வெச்சீங்க? ஒரு எடம் விடாமக் காட்டுங்க" என்று மட்டும் கேட்டார். நாலு நாள் சுரண்டினார். ஆசிட்டில் போட்டு எடுத்தார். ஐந்தாம் நாள் சூடேற்றியபோது மூட்டு வாய் பிளந்துகொண்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"கோவமில்லையாக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"இருக்குதுங் வாத்தியாரே. இல்லாம இருக்குமா? வவுறு எரியுது. நாளைக்கு வராதீங்க. நாளானிக்கு வாங்க."

ஈயத்தோடேயே குறைந்த அழுத்தத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டியிருக்கலாமே என்று பின்னால் ஒருமுறை சொன்னேன். அக்கா என்னை முறைத்தார். "அண்ணன் பக்கத்துல உக்காந்திருப்பாருங்க" என்றார்.

ஆனால் மறையூர்ப் பயணத்தை அவர் விடவில்லை. ஆவி எஞ்சினைக் காற்றாலும் ஓட்டலாம். ஜீப்பின் ஸ்டெப்னி டயரிலிருந்து ஒரு ரப்பர் குழாயை எஞ்சினுக்குக் கொடுத்தால் ஓடும். காற்று குறையக் குறைய ஒருவர் கால் பம்பை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். "மிதிக்கறது நீங்கதான்" என்றார்.

மறையூர் செக்போஸ்டில் கடத்தல் சந்தன மரம் தேடுகிற ஃபாரஸ்ட் கார்டு எங்கள் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே பித்தளையும் இரும்புமாக எஞ்சின். "இதெந்தா?" என்றார். "ஆவி எஞ்சினு சாரே. கறக்கி நோக்கிக்கோ" என்று அக்கா தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னார். கார்டு சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். அவரும் சுற்றினார். பின்னால் கரும்பு லாரிக்காரன் ஹாரனை அடித்துத் தள்ளினான்.

முற்றத்தில் பெஞ்சு போட்டு எஞ்சினை வைத்தோம். அண்ணன் போர்வையோடு வந்து உட்கார்ந்தார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அக்கா என் காதருகில், "இன்னைக்கு வேண்டாமுங். அண்ணன் எஞ்சினைப் பாக்கட்டும். உங்க மூஞ்சியைப் பாக்க வேண்டாம்" என்றார். நான் மிதிக்க ஆரம்பித்தேன். எஞ்சின் ஓடியது. அண்ணன் நெடுநேரம் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து சிலிண்டரில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடு இல்லையே அம்மிணி."

"காத்துலதான் ஓடுதுண்ணா. பாய்லர் இன்னும் ஆகலை."

"ஆகட்டும். ஆகாத பாய்லர்ல தீ வெச்சுக் கொண்டாந்திருந்தீன்னா, நான் எந்திரிச்சு உள்ள போயிருப்பேன்." பிறகு அவரே பிடியை வாங்கிக்கொண்டார். நிறுத்தினார், ஓட்டினார், நிறுத்தினார். எனக்குக் கால் மரத்துப் போயிற்று. அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

நாலு மாதத்தில் அண்ணன் போய்விட்டார். ஆவியில் ஓடுவதை அவர் பார்க்கவில்லை. அதற்கு நான்தான் காரணம். இதை வேறு எப்படியும் எழுத எனக்குத் தெரியவில்லை.

துக்கம் கழிந்ததும் அக்கா புதுச் செம்புக் குழாய் வாங்கினார். இரண்டாவது பாய்லருக்கு ஒன்றரை வருடம். நான் குழாய் அறுத்தேன், ஆசிட் தொட்டி கழுவினேன், டார்ச் பிடித்தேன். ஒரே ஒரு மூட்டு மட்டும் மிச்சம் இருந்தபோது வெள்ளிக் கம்பியை என் கையில் கொடுத்தார். முதல் பாய்லரில் நான் ஈயம் வைத்தது அதே மூட்டில்தான். வேண்டாங்க்கா என்றேன். "பத்த வைங்க. உங்களுக்குத் தெரியாத வேலையா?" என்றார். பற்ற வைத்தேன். மற்றதெல்லாம், ஒன்று விடாமல், அக்கா பற்ற வைத்தது. ஆகவே வாத்தியார் கை பட்டதால் நின்றது என்கிற பேச்சு இத்தோடு நிற்கட்டும்.

தண்ணீர்ச் சோதனையில் முள் அசையவில்லை. நெருப்பு வைத்தோம். எஞ்சின் புஸ்ஸென்று ஒருமுறை தும்மிவிட்டு ஓடியது. அக்கா மெதுவாகக் கையை நீட்டி சிலிண்டரைத் தொட்டார். சுட்டது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

அதன்பிறகு ஊரில் பேச்சு வேறு விதமாகப் பரவியது. அம்மணி செய்தது ஒழுகிற்று, வாத்தியார் வந்து சரிசெய்தார் என்று டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. டீயை உறிஞ்சினேன். ஆறு வருடம் அப்படியே போய்விட்டது. அக்காவின் காதிலும் அது விழுந்திருக்கும். ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்த மறுநாள் செந்திலைப் பார்க்கத் தோப்புக்குப் போனேன். தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவனைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் மாறவே இல்லை.

"ஊருல அந்தப் பேச்சு கெளம்புனப்பவே நான் அம்மாகிட்டக் கேட்டனுங்க," என்றான். "வாத்தியார் ஏதாச்சும் பண்ணிப்போட்டாரான்னு. அம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. 'அவரு சொல்லுவாரு'ன்னாங்க. அதுக்கப்புறம் நாலஞ்சு தடவை கேட்டிருப்பனுங்க. அதே பதில்தான்."

"கடைசியா எப்பக் கேட்டே?"

"இந்தக் கார்த்திகையில. அப்பவும், 'அவரு சொல்லுவாருடா, நீ போய்க் கேக்காதே'ன்னாங்க."

அக்காவின் லேத் செந்திலிடம் இருக்கிறது. எஞ்சின் மறையூரில், அண்ணன் வீட்டில்; அக்காவே கொண்டுபோய்க் கொடுத்தது. எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான். சொல்லாதிருந்தவனைப் பற்றி ஆறு வருடம் மாற்றாமல் சொன்ன சொல். அதை வைத்துக்கொண்டிருக்கிற தகுதி, உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்ட இன்றுதான் எனக்கு வந்திருக்கிறது, அதையும் அவர் கேட்க முடியாத நாளில்.