பாதி வாளி

வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர் பிடிக்க மாட்டாள் செல்லக்கனி. அந்தப் பாதியையும் படி வரை தூக்கி, வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்குவாள். தலைக்குக் குளித்த நாளில் துணி துவைப்பதில்லை. துணி துவைத்த நாளில் குழம்பு வைப்பதில்லை. வாடகை அறையில் ஒரே ஆள், யாரும் கேட்பதில்லை.

இமைகள் பாதிக் கண்ணை மூடியே கிடக்கும். முகவாயைத் தூக்கித்தான் எவரையும் பார்ப்பாள். சேத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் அதற்குப் பெயர் திமிர்.

“நாப்பது வயசுகூட ஆகல, மகாராணிக்கு சீட்டு கேக்குதாக்கும்?” என்றாள் ஒருத்தி.

“மகாராணிதாங்க்கா. செத்த எந்திரிங்க.”

வேலை, கட்டுப்போடும் துணி மடிப்பது. மதியத்துக்கு மேல் கை தளரும். “தூங்குறியா?” என்று கேட்பார் சூப்பர்வைசர் ஜெபக்குமார். இல்லை என்று சொல்வதையும் இப்போதெல்லாம் மிச்சம்பிடிக்கிறாள்.

மூன்று வருடம் முன்பு மதுரையில் தொடைச் சதையில் துளி எடுத்துச் சோதித்தார்கள். செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று நுண்ணிய உறுப்புகள் உண்டு. தின்ற சோற்றின் சத்தை, மூச்சில் வந்த ஆக்சிஜனைக்கொண்டு, உடம்பு இயங்கும் ஆற்றலாக மாற்றுபவை. இவள் தசைகளில் அவற்றில் பல பழுது.

“சோத்துக்குக் கொறையில்ல டாக்டர். அடுப்புதான் பத்த மாட்டேங்கு” என்றாள்.

“அந்த அடுப்பு அம்மாகிட்ட இருந்து மட்டுந்தாம்மா வரும். அக்காவையும் அவங்க மகளையும் கூட்டிட்டு வாங்க.”

ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா சீனியம்மாள் இரண்டு வருடமாகக் கூப்பிட்டும் வரவில்லை. “ஏட்டி, இந்துவுக்கு மாப்பிள்ளை பாக்குற நேரத்துல ஆஸ்பத்திரிப் பேச்ச எடுக்காத. அவிய பொண்ணு பாக்க வாரன்னைக்கு நீயும் வர வேண்டாம்.”

இவள் போகவில்லை. அதிலிருந்து ஏழு மாதமாக அக்காவிடமிருந்து போனும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இந்து தனியாக வந்து நின்றாள்.

“அம்மாவுக்குத் தெரியாது சித்தி. செத்த நேரத்துல போயிருவேன். மாடி ஏறுனா எனக்கும் கால் ஓஞ்சு போவுது.”

“எத்தன மாடி?”

“மூணு.”

“மூணு மாடி ஏறுனா எவளுக்கும் ஓயும், ஏட்டி.”

செல்லக்கனி சிரித்தாள். ஆனாலும் மதுரை டாக்டர் தன்னைச் செய்யச் சொன்னதுபோலவே, இந்துவை இரண்டு கைகளையும் நேராக நீட்டச் சொல்லி எண்ணினாள். மதுரையில் இவள் கைகள் இருபதில் விழுந்தன. இந்துவின் கைகள் அறுபதிலும் அசையவில்லை.

“போதுமா சித்தி?”

செல்லக்கனி மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள்.