பதினேழாம் எண் டோக்கன்

நான் கேம்பல் பேயில் விசிலடித்தால் ரங்கத்தில் காரை உதிரும். அந்தமானில் ஓர் இடிப்புக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் விசில்காரனாக இருந்தவன். என் ஊதலிலேயே பாதிக் கட்டடம் விழுந்துவிடும். மீதியைத்தான் இயந்திரம் இடிக்கும். நம்ப வேண்டாம். என் மனைவி ருக்குவே நம்புவதில்லை. ஆனால் இனிமேல் சொல்லப்போவதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. பார்த்தவன் நான். கேட்டவர்கள் பதினைந்து பேர்.

முதலில் எங்கள் வழக்கம். இடிக்கப்போகும் கட்டடத்துக்கு வெளியே ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள். உள்ளே போகிறவன் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் அவனேதான் எடுக்க வேண்டும். பலகை காலியானால்தான் விசில். விசில் கேட்டால்தான் இயந்திரம் அசையும்.

கம்பெனியின் மாதச் செய்தித்தாளை எழுதியதும் நான்தான். எந்த ஊரில் எந்த வேலை முடிந்தது, யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் குழந்தை பிறந்தது, எல்லாம் அதில் வரும். போன ஆகஸ்டில் ரங்கத்தில் ஒரு பழைய மரக்கிடங்கை இடித்தார்கள். எனக்கு டெங்கு, போகவில்லை. விசிலடித்தது மேனேஜர் ஜெகநாதன். அன்றிலிருந்து ராக்கப்பனைக் காணோம். பதினேழாம் எண்காரன்.

"மெயின்லேண்டுக்கு ஓடிட்டான்யா. அப்படியே எழுது" என்றார் மேனேஜர்.

எழுதினேன். 'ஊழியர் நலம்: ராக்கப்பன் சொல்லாமல் விலகினார். விபத்து: பூஜ்யம்.'

அவன் மனைவி அழகம்மா அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போர்ட் பிளேர் ஆபீசுக்கே வந்துவிட்டாள். "இத எழுதுனது நீங்கதானே? செருப்புகூட மாட்டாம எந்தக் கப்பல்ல ஏறுச்சு அந்த மனுசன்?"

நான் எழுதியதை நானே நம்பவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக.

டிசம்பர் பன்னிரண்டு. சௌல்தாரியில் ஒரு பழைய குவார்ட்டர்ஸ். மாலை 4.50. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும். ஆட்கள் பதினைந்து பேரும் வெளியே வந்தாயிற்று. பலகை காலி. விசிலை வாயருகே கொண்டுபோனேன்.

டிங்...

ஓர் ஆணியில் டோக்கன் ஆடிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. எடுத்துப் பார்த்தேன். பதினேழு. ஈரமாக இருந்தது. உப்பு நாற்றம். ஓரத்தில் குட்டிச் சிப்பி ஒன்று ஒட்டியிருந்தது. சட்டைப்பையில் போட்டேன்.

4.53. டிங்...

மறுபடி ஆணியில். என் பை காலி!

"அரே பெருசு, ஜல்தி ஊதுய்யா. வெளிச்சம் போகுது" என்று மேனேஜர் வந்தார்.

"பலகையில டோக்கன் இருக்கு சார்."

"எவனோடது?"

"பதினேழு."

அவர் முகம் ஒரு நொடி சாம்பலாயிற்று. "டிராமா போடறியா?" டோக்கனைப் பிடுங்கி என் கையில் திணித்தார்.

அப்போது உள்ளேயிருந்து... டொக். டொக். டொக்.

சுத்தியல் சத்தம். மூன்று தட்டு. எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்: உள்ளே ஆள் இருக்கிறது.

"எவன்டா அது? தோல உரிச்சிடறேன்!" வழக்கப்படி தன் ஒன்றாம் எண் டோக்கனை மாட்டிவிட்டு மேனேஜர் உள்ளே போனார்.

4.58. பலகையில் ஒன்றாம் எண் மட்டும். பதினேழு என் கைக்குள். ஐஸ் போல.

ஒன்றாம் எண் அசைந்தது...

யாரோ விரலால் தூக்குவது போல மேலே ஏறியது. ஆணியைத் தாண்டியது. அந்தரத்தில் நின்றது.

விழுந்தது.

பலகை காலி.

ஆகஸ்டில் ரங்கத்தில் என்ன நடந்தது என்று அந்த நொடியில் புரிந்துவிட்டது.

விசில் என் மார்பில் தொங்கியது. பக்கத்தில் எந்த வாயும் இல்லை.

தானாகவே ஊதியது!

சிராஜின் இயந்திரம் உறுமியது.

"சிராஜ்! நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். மெதுவாகத்தான் ஓடினேனாம், அவன் சொல்கிறான். என் முழங்காலின் வயசு அவனுக்கு எப்படித் தெரியும்? பாதிச் சுவர் விழுந்துவிட்டது. மேனேஜரை உயிரோடு இழுத்தோம். இரண்டு காலும் நொறுங்கியிருந்தன.

"அண்ணே, நீங்கதானே ஊதினீங்க?" என்றான் சிராஜ். பதினைந்து பேரும் என்னையே பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மேனேஜரும் அதையேதான் சொன்னார். "பேயாவது கீயாவது! கிழவன்தான் ஊதினான். வாயத் தொறந்தாலே புளுகு." ஊரும் நம்பியது. என் விசில் கதைகளைக் கேட்டுச் சிரித்த ஊர்தானே!

மூன்றாம் வாரம், காலை 11.20. அழகம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மேனேஜரின் கட்டிலில் அந்தச் செய்தித்தாளை விரித்தாள். அதன்மேல், நான் கொடுத்த பதினேழாம் எண் டோக்கனை வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். ஓடிப்போச்சா?"

ஜெகநாதன் டோக்கனையே பார்த்தார். சிப்பியைத் தொட்டார்.

"இது கெடைக்காதே... ஆகஸ்ட்லயே ரங்கத் ஜெட்டியில நின்னு கடல்ல வீசினேனே..."

"ஏன் வீசினீங்க?" என்றாள்.

அவர் செய்தித்தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"அவன் உள்ளதான் இருந்தான். மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு அவன் டோக்கன நானே எடுத்துட்டு ஊதினேன். அந்தக் கிடங்குத் தரைக்கு அடியிலதான் கெடக்கான்மா."

பிறகு என்னைக் கைகாட்டி அவளிடம் சொன்னார்.

"பெருசு ஊதல. அவர் சொன்னது அத்தனையும் நடந்துச்சு. உள்ளேர்ந்து ஜன்னல் வழியா பாத்தேன். என் டோக்கன அவன் எடுத்தப்போ... இவரு பக்கத்துலதான் நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தான்."