துரை காடியின் பின்சீட்டு

கல்யாணமாகி சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு நான் வந்தபோது, என் வீட்டுக்காரர் வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் காடிக்கு டிரைவர். நான் பால் வெட்டப் போவேன். மத்தியானம் நான் திரும்பும் நேரத்தில் அவர் பங்களா கொட்டகையில் காடியின் கதவுகளை எல்லாம் திறந்து போட்டுக்கொண்டு சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

அசல் தோல் சீட்டு. கருஞ்சிவப்பு. மழை மாதங்களில் அதன்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படரும்; வெயில் மாதங்களில் வறண்டு வெடிக்கப் பார்க்கும். முதலில் காய்ந்த துணியால் தூசியைத் தட்டுவார். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து, கையகல இடமாகத் துடைத்துக்கொண்டே போவார். தையல் இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ். நிழலில் உலர்ந்ததும், தோலுக்கென்றே டப்பாவில் வரும் களிம்பை விரலால் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார். அது ஊறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு சுருட்டு பிடிப்பார். விரலில் ஒட்டிய மிச்சத்தோடு வீட்டுக்கு வந்து, வெடித்துக் கிடக்கும் என் உள்ளங்கையில் தடவிவிடுவார்.

"இதுவும் தோலுதானே" என்பார்.

ஆனால் அந்தச் சீட்டில் என்னை ஒரு நாளும் உட்காரவிட்டதில்லை. கேட்டால், "தொரை பாத்தா வேலை போயிரும் லா" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

எனக்குப் பிரசவ வலி கண்டது எதிர்பார்த்ததற்கு முன்பே, ஒரு மத்தியானம். வெளியே கொட்டும் மழை. தோட்டத்து லாரி பால் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார். என் வீட்டுக்காரர் துரையிடம் என்ன கேட்டாரோ, துரை என்ன சொன்னாரோ, கொஞ்ச நேரத்தில் காடி எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றது.

"ஏறு புள்ள."

"சீட்டுங்க..."

"சீட்டு கெடக்கு, ஏறு!"

அக்கா மடியில் என் தலை. சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற மலாய்க்காரர் ஒருவர் போக முடியாது என்று இரண்டு கையையும் விரித்தார். காடி அங்கேயே நின்றது. அதற்குமேல் என்னாலும் தாங்க முடியவில்லை.

அக்கா மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே கால்மாட்டுக்கு வந்து பிள்ளையை வாங்கினார். இவர் மழையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அழுகைச் சத்தம் கேட்டதும் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ள, தம்பி" என்றார் அக்கா.

இவர் அழுதார். அந்த மலாய்க்காரர் தன் மூட்டையிலிருந்து உலர்ந்த கைலிச் சாரம் ஒன்றை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். என் மகளுக்கு முதல் துணி அதுதான்.

தண்ணீர் வடிந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். படுக்கையில் கிடந்தபடி அவரிடம் நான் முதலில் கேட்டது, "சீட்டு என்னாச்சு?"

"பச்சத் தண்ணியிலதான் தொடைக்கணும். சூடு பட்டா கறை உள்ள புடிச்சுக்கும். நீ தூங்கு."

திரும்பத் திரும்பத் துடைத்து, உலர்த்தி, களிம்பு போட்டிருக்கிறார். எல்லாம் போய்விட்டது. ஒரு தையலோரம் மட்டும் கறுத்தே இருந்தது. மறைக்க மனமில்லாமல் அவரே துரையைக் கூட்டிவந்து காட்டினாராம். துரை குனிந்து பார்த்தார். தனக்குத் தெரிந்த தமிழில், "பாப்பா சுகமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மறுபக்கம் சுற்றிப் போய் ஏறிக்கொண்டார். ஊருக்குக் கப்பல் ஏறும்வரை அவர் மறுபக்கம்தான் உட்கார்ந்தார்.

பிள்ளைக்கு ஊசி போட வேண்டிய நாளில், காடியை எடுத்துப் போகச் சொன்னதும் துரைதான். நான் பழைய சேலை ஒன்றை மடித்துச் சீட்டில் விரிக்கப் போனேன். இவர் அதைப் பிடுங்கி முன்சீட்டில் போட்டார்.

"சும்மா உக்காரு. தொடைக்கத்தான் நான் இருக்கேன்ல."

உட்கார்ந்தேன். தோல் குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. அவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.