கேமராவைக் கழற்றினால் வந்துவிடும்

போன ஞாயிறு காலை கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்துகள், பிறகு லோகோ. அதற்குக் கீழே ஓடும் நீலப் பட்டை பாதியில் நின்றது. நின்றதுதான்... ஒரு பீப் இல்லை, ஒரு எர்ரர் இல்லை.

திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். பேசாமலே இருந்தால்?

பதினோரு மணிக்கு வீடியோ கால்; அதற்குள் அது எழுந்தாக வேண்டும். சிங்கப்பூரில் அக்காவுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள். பிரசவத்துக்கு அம்மாவும் போய்விட்டதால் செங்கல்பட்டு வீட்டில் நான் மட்டும். என்னிடம் இருப்பதோ பட்டன் போன். மருமகனை நான் பார்க்க வேண்டும், அவன் என்னைப் பார்க்க வேண்டும்—அதற்காகவே முதல் நாள் சென்னைக்கு ரயிலேறிப் போய் ஒரு வெப்கேம் வாங்கி வந்து சொருகியிருந்தேன்.

கேபினெட்டைத் திறந்தேன். ரேம் அட்டையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து மாட்டினேன். நம் ஊரில் இதுதானே முதல் வைத்தியம்? பட்டை அதே இடத்தில் நின்றது.

சர்வீஸ் கடை சேகருக்கு போன் போட்டேன். குடும்பத்தோடு மாமல்லபுரத்தில் இருந்தார்.

"இன்னா தலைவா, ஞாயித்துக்கெழம கூட வுட மாட்டியா? கடல்ல கால் நனச்சினு கீறேன்."

"லோகோவோட நின்னுடுது அண்ணே. ரேமெல்லாம் தேச்சுட்டேன்."

"தேச்சது போதும், தேஞ்சிடப் போவுது! பின்னாடி இன்னா இன்னா சொருவிக்கிறியோ அல்லாத்தையும் புடுங்கு. கீபோர்டு, மவுஸு, மானிட்டரு மட்டும் வுடு."

பிடுங்கினேன். பட்டை ஓடி முடிந்தது!

பிறகு ஒவ்வொன்றாகச் சொருகினேன். பிரிண்டர்—ஓகே. மைக், ஸ்பீக்கர்—ஓகே. வெப்கேம்... மவுஸ் அம்பு அப்படியே உறைந்தது.

பழையதை எல்லாம் சந்தேகப்பட்டேன். ஆசையாக வாங்கியதை யார் சந்தேகப்படுவார்கள்?

பத்து ஐம்பத்தைந்து. மாற்றி வாங்க நேரமில்லை. கேமராவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன்.

பதினோரு மணிக்கு அக்கா திரையில் வந்தாள். மடியில் குழந்தை—கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, தலை நிறைய முடி.

"டேய், எங்கடா நீ? இங்க வெறும் கறுப்பா கீது. மாமாவக் காட்றேன்னு இவனுக்குப் பவுடர்லாம் போட்டு உக்காத்தி வெச்சிக்கிறேன்!"

"கேமரா மக்கர் பண்ணுதுக்கா."

"சாப்டியாடா?" என்று அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"ஆச்சும்மா" என்றேன். ஆகவில்லை.

குழந்தை அழ ஆரம்பித்தது. அக்கா அவன் கையைப் பிடித்து ஆட்டி, "மாமாக்கு டாட்டா சொல்லு" என்றாள்.

நானும் கையை ஆட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்பது ஆட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.