பொட்டு வைத்த இசட் டிரைவ்

வீடுகளுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுத்த காலத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஷேர்டு டிரைவ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் கவிதை சொல்லிவிடுவேன். "நிலா ஒண்ணுதாம்மா. முற்றத்துலயும் தெரியும், மொட்டை மாடியிலயும் தெரியும். உங்க ஃபைலும் அப்படித்தான்" என்று பழங்காநத்தத்தில் பத்மாவிடம் சொன்னேன். அந்தப் பெண் நம்பிவிட்டாள். இரண்டு இடத்திலும்தான் இருக்கிறதே என்று மாடிக் கம்ப்யூட்டரிலிருந்த தன் சேலை டிசைன்களை எல்லாம் அழித்துவிட்டாள்.

உண்மையில் ஃபைல்கள் இருந்தது கீழே, அவள் அப்பா துளசிராமின் கம்ப்யூட்டரில். மாடியில் இசட் டிரைவ் என்று தெரிந்தது அதற்குப் போகும் வாசல் மட்டும். கீழே அணைத்தால் வாசலும் அடைத்துக்கொள்ளும். இதை நான் சொல்லவில்லை. கவிதையில் இடமில்லை.

ஆயுத பூஜையன்று மதியம் போன் வந்தது.

"அண்ணே, இசட் டிரைவ்ல செவப்பா பெருக்கல் குறி விழுந்துருச்சு! பம்பாய்க்காரங்களுக்குச் சாயந்தரத்துக்குள்ள பார்டர் டிசைன் போகணும். என்னோட மொத ஆர்டர்ண்ணே. போகலைன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்களாம்."

கிளம்பினேன். ஊரே கண்ணயர்ந்திருந்தது. லேத்து, தையல் மெஷின், மாவு அரைக்கும் மெஷின் எல்லாம் பொட்டும் மாலையுமாகத் தூங்கின. சாம்பிராணிப் புகைக்குள் வண்டி ஓட்டிய எனக்கு, யாருடைய கனவிலோ அனுமதியில்லாமல் நுழைந்தது போலிருந்தது.

துளசிராம் வீட்டுக் கூடத்திலும் அதே கனவுதான். மானிட்டருக்குச் சந்தனம், சிபியூவுக்குச் சாமந்தி மாலை, கீபோர்டின் மேல் பொரி.

"வாங்க, பொரி எடுத்துக்கங்க. மெஷினை மட்டும் தொட்றாதீங்க. படைச்சாச்சு, நாளைக்குத்தான் எடுக்கணும்."

"அப்பா, ஆர்டர் போயிரும்ப்பா!"

"வருஷம் பூரா நமக்கு உழைக்குது. ஒரு நாளு படுக்க விடமாட்டியா?"

பிறகு இருவரும் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் சண்டை போட்டார்கள். எனக்குப் புரிந்த ஒரே சொல் இசட் டிரைவ்.

நான் சாமந்திப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்குப் பின்னால், நெட்வொர்க் கேபிள் செருகிய இடத்தில், ஒரு பச்சை விளக்கு மெதுவாக மினுங்கியது, தூங்குபவர் மூச்சு விடுவது போல. சாமி படத்தின் சீரியல் பல்புகளும் கம்ப்யூட்டரின் யூபிஎஸ்ஸிலேயே எரிந்ததால் கரண்டை நிறுத்தாமல் விட்டிருந்தார்கள். அப்போது வேக்-ஆன்-லேன் ஞாபகம் வந்தது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாக இன்னொன்றை எழுப்பும் வசதி. பெருமைக்காக அமைத்துவிட்டு, யாரும் பாராட்டாததால் நானே மறந்திருந்தேன்.

"யாரும் தொடாம, அதுவா எந்திரிச்சா?" என்று துளசிராமிடம் கேட்டேன்.

அவர் சாமி படத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "நீங்களும் எழுப்பலை, நானும் எழுப்பலை. அதுவா எந்திரிச்சா நாம என்னத்தக் கேக்க முடியும்?"

"மாடி மெஷினுக்கும் படைச்சாச்சா?"

"எங்கிட்டு? முட்டி வலியில படி ஏற முடியலை."

மாடிக்கு ஓடினேன், பத்மாவும் பின்னாலேயே வந்தாள். பத்மாவின் மெஷினிலிருந்து எழுப்பும் கட்டளையை அனுப்பிவிட்டுப் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பீப். சாமந்தி மாலை சிலிர்த்தது. சிபியூ ஃபேன் காற்றில் சாம்பிராணிப் புகை வளைந்து நெளிந்து மேலே வந்தது. சந்தனத்துக்கு நடுவே திரை மெல்ல நீலமானது. துளசிராம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வந்துருச்சுண்ணே!" என்று மாடியில் பத்மா கத்தினாள். வெயில் இறங்குமுன் டிசைன் பம்பாய் போய்விட்டது. ஆர்டரும் நிலைத்தது.

ஷேர் வேறு, காப்பி வேறு என்பதை அதன் பிறகு எல்லோரிடமும் உரைநடையிலேயே சொன்னேன். இந்தத் தொழிலுக்கு வரும் இளைய நண்பர்களும் அப்படியே சொல்லுங்கள்.

மறு வாரம் துளசிராமின் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். "அண்ணே, எங்க வீட்டுக் கம்ப்யூட்டரும் ரொம்ப நாளா எந்திரிக்கலை."

புகழ் பரவிவிட்டது என்று மனம் குளிர்ந்து, "நாளைக்குக் காலையில வாரேன்" என்றேன்.

"ஐயோ, நீங்க எதுக்குண்ணே சிரமப்பட்டுக்கிட்டு? அவுக வீட்ல இருக்க சாமி படத்தை எந்தக் கடையில வாங்குனாகன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."